கற்பிக்க வந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்ட ஊர்

நீண்ட பள்ளி விடுமுறை வந்தால் நம் மாணவர்கள் பல திசைகளில் போகிறார்கள். சிலர் தாத்தா பாட்டியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போவார்கள். சிலர் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ கடைகளில் பகுதிநேர வேலை செய்து கைச்செலவுக்குச் சம்பாதிப்பார்கள். இப்போது வெளிநாட்டுப் பயிற்சிகளுக்குப் போகும் குடும்பங்களும் இருக்கின்றன. மொழி முகாம், தலைமைத்துவ முகாம், தொண்டு முகாம் எனப் பல வகை உண்டு. கிறிஸ்துவக் குடும்பங்களில் சில, பெற்றோரும் பிள்ளைகளுமாக வெளிநாட்டு மிஷன் பயிற்சிப் பள்ளியில் சில வாரங்களைக் கழித்துத் திரும்புவதும் உண்டு.

எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரானாலும், எந்த முகாமுக்குப் போனாலும் ஒரு கேள்வி பொதுவானது. பயிற்சிக்காக அந்நிய மண்ணுக்குப் போகிறவர் அங்கே ஆசிரியராகப் போகிறாரா, மாணவராகப் போகிறாரா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு ஓர் இளம் குடும்பம் நம் மலாக்காவுக்கு வந்து இறங்கியது. அவர்கள் இங்கே நிறுவிய பயிற்சிக் கல்லூரியின் கதையில் சீன நாட்டு வரலாறு இருக்கிறது, மலாய் இலக்கியம் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு தமிழ்ப் பங்கும் அதில் இருக்கிறது. மலாக்கா நகரில் ஜாலான் முன்ஷி அப்துல்லா வழியாகப் போய்வரும் மாணவர்கள் அந்தக் கதையில் வரும் ஒருவரின் பெயரைத்தான் நாள்தோறும் கடந்து போகிறார்கள்.

ஆடு மேய்த்த சிறுவன்

வில்லியம் மில்ன் 1785ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடகிழக்கே அபர்டீன் வட்டாரக் கிராமம் ஒன்றில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறுவயதில் ஆடு மேய்த்தார். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. சமய ஊழியத்துக்குப் போக விரும்பி லண்டன் மிஷனரி சங்கத்தின் தேர்வுக் குழுவுக்கு முன் வந்து நின்றபோது, அவருடைய நாட்டுப்புறத் தோற்றத்தைக் கண்டு குழுவினர் தயங்கினார்கள் என்றும், போதகராக இல்லாவிட்டாலும் வேலையாளாகவாவது போகத் தயாரா என்று கேட்டார்கள் என்றும், அதற்கும் அவர் சம்மதித்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதுண்டு.

சங்கம் அவரை இங்கிலாந்தின் தென்கரையில் கோஸ்போர்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியது. டேவிட் போக் என்பவர் நடத்திய பள்ளி அது. கடல் கடந்து போகவிருந்த இளைஞர்களுக்கு அங்கே வேதப் பாடமும் மொழிகளும் கற்பிக்கப்பட்டன. மில்னுக்கு முன்பே அங்கே படித்து 1807இல் சீனா போய்ச் சேர்ந்தவர் ராபர்ட் மாரிசன். அவருக்கு உதவியாளராகத்தான் மில்ன் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1812இல் மில்னுக்கும் ரேச்சலுக்கும் திருமணம் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கப்பல் ஏறினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து மக்காவ் துறைமுகத்தை அடைந்தபோது தேதி 1813 ஜூலை 4. பயணத்துக்கு மட்டும் பத்து மாதம். இன்று சில மணி நேர விமானப் பயணத்துக்கே சலித்துக்கொள்கிறோம்.

ஏன் மலாக்கா?

மக்காவில் அவர்களால் தங்க முடியவில்லை. அங்கே ஆட்சி செய்த போர்த்துகீசிய அதிகாரிகள், வந்த சில நாட்களிலேயே மில்னை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். கன்டோனுக்குப் போனார். அங்கேயோ வேறு சிக்கல். அன்றைய சீனப் பேரரசு தன் மக்களின் மொழியை அந்நியருக்குக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாகக் கருதியது. மாரிசனுக்குச் சீனம் கற்பித்த ஆசிரியர்களில் ஒருவர், பிடிபட்டால் சித்திரவதைக்குத் தப்பிக்க எப்போதும் தம்மிடம் நஞ்சு வைத்திருந்தார் என்பது மாரிசனின் வரலாற்றில் பதிவான செய்தி. நாம் பாடநூலைத் திறக்கச் சோம்பல்படும் நேரத்தில் இதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்க உயிரையே பணயம் வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

சீனாவுக்குள் பள்ளி நடத்த முடியாது. அப்படியானால் சீனர்கள் வாழும் வேறு இடம் எது? சீன, இந்திய, மலாய், அரபு வணிகர்கள் வந்து கூடும் துறைமுகம் எது? அன்று பிரிட்டிஷார் கையில் இருந்த மலாக்கா கண்ணில் பட்டது. 1815 ஏப்ரலில் மில்ன் குடும்பத்தோடு கன்டோனிலிருந்து புறப்பட்டார். மடியில் ஒரு கைக்குழந்தை; ரேச்சலோ நிறைமாதக் கர்ப்பிணி. நடுக்கடலிலேயே அவருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. மே 21ஆம் தேதி மூன்று சிறு குழந்தைகளோடு அந்தத் தம்பதியர் மலாக்காவில் இறங்கினார்கள். மில்னுக்கு அப்போது வயது முப்பதுதான்.

அவரோடு வந்த இன்னொருவர் லியாங் ஃபா. மர அச்சுக் கட்டைகளில் சீன எழுத்தைச் செதுக்கும் தொழிலாளி. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மில்ன் ஒரு சீன மாத இதழைத் தொடங்கினார். அதைச் செதுக்கி அச்சிட்ட வேலையில் லியாங் ஃபாவின் கையும் இருந்தது. நவீன சீன மொழி இதழியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் இதழாகக் குறிப்பிடுவது இதைத்தான். சீனத்தின் முதல் இதழ் பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ பிறக்கவில்லை. நம் மலாக்காவில் பிறந்தது. சீனப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

கல்லூரியின் விதி

1818 நவம்பர் 11ஆம் தேதி நகரின் மேற்கு வாயிலுக்கு அருகே, கடலைப் பார்த்த இடத்தில், ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லை நாட்டியவர் மலாக்காவின் முன்னாள் பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் வில்லியம் ஃபார்குவார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மலாக்கா மீண்டும் டச்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. கட்டடச் செலவுக்கு மாரிசன் தம் சொந்தப் பணத்திலிருந்து 1000 பவுண்டு கொடுத்தார்.

கல்லூரியின் நோக்கம் இரண்டு. சீன இலக்கியத்தை ஐரோப்பியரும், ஐரோப்பிய இலக்கியத்தைச் சீனரும் கற்பது ஒன்று. கிறிஸ்துவ சமயத்தைப் பரப்புவது மற்றொன்று. இரண்டாவது நோக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் கல்லூரியின் திட்டத்திலேயே ஒரு விதியை எழுதி வைத்தார்கள். உள்ளூர் மாணவர் யாரும் கிறிஸ்துவராக மாற வேண்டும் என்றோ, வழிபாட்டுக்கு வர வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தப்பட மாட்டார். அழைப்பு உண்டு, கட்டாயம் இல்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எந்தப் பயிற்சியில் சேருவதற்கு முன்பும் நாமும் நம் பெற்றோரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நடத்துகிறவர்களின் நோக்கம் என்ன? அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்களா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா? நோக்கம் இருப்பது தவறில்லை. அதை ஒளிப்பதும் திணிப்பதும்தான் தவறு.

திண்ணைப் பள்ளியில் ஒரு ஜெர்மானியர்

கற்பிக்க வந்தவர் முதலில் கற்க வேண்டும் என்ற பாடம் மலாக்காவுக்கு நூறு ஆண்டுகள் முன்பே நம் தமிழ்நாட்டில் நடந்தது. 1706 ஜூலையில் டென்மார்க் மன்னரின் ஆதரவோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மானியரான சீகன்பால்க். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர் திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்து, பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த மணல் எழுத்திலிருந்துதான் தரங்கம்பாடியின் தமிழ் அச்சகமும், அங்கே 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடும் வந்தன. தரையில் உட்கார மறுத்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

மலாக்காவிலும் இதே நிலைதான். மில்ன் சீன ஆசிரியரிடம் பாடம் கேட்டார். மலாய் மக்களிடையே பணி செய்ய 1815இன் பிற்பகுதியில் வந்த தாம்சனுக்கு மலாய் கற்பிக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். அந்த ஆசிரியருக்கு அப்போது வயது இருபதைக்கூட ஒட்டித்தான் இருந்தது. அவர் பெயர் அப்துல்லா.

தமிழ் படித்த முன்ஷி

அப்துல்லா 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யேமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணமுடித்துக் குடியேறியவர்கள். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் பிறகு கடல் கடந்து மலாய்த் தீவுகளுக்கு வந்தார்கள். அரபும் நாகூர்த் தமிழும் மலாக்கா மலாயும் கலந்த வீடு அது.

அப்துல்லா தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சான 'ஹிக்காயாட் அப்துல்லா' நவீன மலாய் இலக்கியத்தின் தொடக்க நூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதில் நமக்கு வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. சிறுவனாக இருந்தபோது தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பினார் என்கிறார். அன்றைய மலாக்காவில் வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைப்பது வழக்கம். காரணம் எளியது. ஊரில் இந்திய வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். கணக்கு எழுதவும் வணிகம் பேசவும் தமிழ் வேண்டியிருந்தது.

தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று இன்று நம் வீடுகளிலேயே கேட்கிறோம். அன்று மலாக்காவில் தமிழ் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்று பிற இனத்துப் பெற்றோரும் நினைத்த காலம் ஒன்று இருந்தது.

குர்ஆன், மலாய், அரபு, தமிழ் எனப் படித்த அப்துல்லா, மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்கள்தாம் மொழி ஆசிரியர் என்ற பொருளில் அவரை 'முன்ஷி' என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் அவர் பெயரோடு நிலைத்தது. 1810ஆம் ஆண்டின் இறுதியில் மலாக்கா வந்த ராஃபிள்ஸிடம் எழுத்தராகவும் வேலை பார்த்தார்.

மிஷன் வீட்டில் அவருக்கு இரண்டு வேடங்கள். தாம்சனுக்கு மலாய் ஆசிரியர். மில்னிடம் ஆங்கில மாணவர். காலையில் கற்பிப்பவர் மாலையில் கற்பவர் என்ற நிலை. 1817இல் அச்சுத் தொழில் தெரிந்த மெட்ஹர்ஸ்ட் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். லண்டனிலிருந்து வரும் வழியில் சென்னையில் தங்கி, அங்கேயே மணமுடித்து, மனைவியோடு மலாக்கா வந்தவர் அவர். அவரிடம் அப்துல்லா அச்செழுத்துக் கோக்கும் தொழிலையும் கற்றுக்கொண்டார்.

இது எளிதாக நடந்துவிடவில்லை. ஆங்கிலம் படித்தால் பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று ஊரார் பயந்தார்கள். அப்துல்லாவின் தந்தைக்கும் முதலில் விருப்பமில்லை. பாதிரிமாரோடு பழகியதால் அவரை 'அப்துல்லா பாதிரி' என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அப்துல்லா கடைசி வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். 1854இல் மக்காவுக்குப் புனிதப் பயணம் போன இடத்தில்தான் காலமானார். மிஷனரிகளிடம் ஆங்கிலமும் அச்சுக்கலையும் கற்றார். அவர்களுக்குத் தம் மொழியைக் கொடுத்தார். தம் சமயத்தை விடவில்லை. மில்னைப் பற்றி மரியாதையோடும் அன்போடும் எழுதினார்.

தாம்சனைப் பற்றி அவர் எழுதியது வேறு மாதிரி. பைபிள் பகுதிகளை மலாயில் பெயர்க்கும்போது, ஆங்கில வாக்கிய அமைப்பை அப்படியே மலாயில் திணிக்கிறீர்கள், மலாய்க்காரர் இப்படிப் பேச மாட்டார்கள் என்று அப்துல்லா எடுத்துச் சொன்னார். தாம்சன் தம் கருத்திலேயே நின்றார். மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது அதன் நடைக்கு அப்துல்லாவின் மேல் பழி விழுந்தது. ஒரே மிஷன் வீட்டின் இரண்டு முகங்கள் இவை. உள்ளூர் ஆசிரியரின் சொல்லைக் கேட்டால் என்ன ஆகும், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டுமே போதும்.

சிறுவயதில் படித்த தமிழ் என்னவாயிற்று? 1835இல் பஞ்சதந்திரக் கதைகளை ஒரு தமிழ் நண்பரின் துணையோடு அப்துல்லா மலாயில் பெயர்த்தார். கணக்கு எழுதுவதற்காகக் கற்ற தமிழ், மலாய் மொழிக்கு ஓர் இலக்கியமாகப் போய்ச் சேர்ந்தது. நாம் கற்கும் எந்த மொழி எந்த நாளில் எதற்குப் பயன்படும் என்பது கற்கும்போது தெரிவதில்லை.

குடும்பம் கொடுத்த விலை

வெளிநாட்டு வாழ்க்கை என்றதும் படங்களில் வரும் மகிழ்ச்சிதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மில்ன் குடும்பம் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது.

காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஐரோப்பியக் குடும்பங்களை வாட்டிய காலம். மலாக்காவில் பிறந்த குழந்தைகள் எல்லோரும் பிழைக்கவில்லை. அடிக்கல் நாட்டிய நான்கே மாதத்தில், 1819 மார்ச்சில், ரேச்சல் இறந்தார். மில்ன் தனியாகக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கல்லூரியை நடத்தினார், மாரிசனோடு சேர்ந்து பைபிளைச் சீனத்தில் பெயர்த்தார், இதழ் எழுதினார். உடல் தாங்கவில்லை. 1822 ஜூன் 2ஆம் தேதி மலாக்காவில் காலமானார். வயது 37. சீன பைபிள் முழுவதும் மலாக்காவிலேயே அச்சாகி 1823இல் வெளிவந்தபோது பார்க்க அவர் இல்லை.

தாயும் தந்தையும் இல்லாத நான்கு பிள்ளைகள் கப்பலேறி, தாங்கள் அறியாத ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார்கள். கடலில் பிறந்த இரட்டையரில் ஒருவரான வில்லியம் சார்ல்ஸ் மில்ன் வளர்ந்து, 1839இல் தாமும் மிஷனரியாகக் கிழக்கே வந்து, சீனாவில் பணியாற்றி, சீன வாழ்க்கையைப் பற்றி நூலும் எழுதினார்.

இதைத் தியாகம் என்று போற்றுகிறவர்கள் உண்டு. இந்தப் பிள்ளைகளைக் கேட்டா முடிவெடுத்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே நாம் யோசிக்க வேண்டும். சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி முறையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோரின் பிள்ளைகளுக்கும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தோட்டப்புறங்களில் மலேரியாவுக்குப் பலியான எத்தனையோ தாய்மாருக்குக் கல்லறைப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. மில்ன் குடும்பத்தின் கதை எழுதப்பட்டது. நம் குடும்பங்களின் கதை பெரும்பாலும் எழுதப்படவில்லை.

விதைத்தது ஒன்று, விளைந்தது பல

ஆங்கிலோ சீனக் கல்லூரி மலாக்காவில் இருந்தது சுமார் 25 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அங்கே கிறிஸ்துவர் ஆனவர்கள் சிலரே. நிறுவியவர்கள் எதிர்பார்த்த அறுவடை அது இல்லை. ஆனால் அவர்கள் எதிர்பாராத பல விளைவுகள் வந்தன.

யுவான் தெஹுய் என்ற சீன இளைஞர் 1820களில் இங்கே படித்தார். பின்னர் சீன அரசின் மொழிபெயர்ப்பாளர் ஆனார். அபின் வணிகத்தை ஒழிக்கக் கன்டோனுக்கு அனுப்பப்பட்ட ஆணையர் லின் சேசூ 1839இல் மேற்கத்தியச் சட்ட நூல்களைப் புரிந்துகொள்ள முயன்றபோது அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். ஆங்கிலேயர் தொடங்கிய கல்லூரியில் கற்ற ஆங்கிலம், ஆங்கிலேயரின் அபினை எதிர்க்கப் பயன்பட்டது.

வில்லியம் ஹன்டர் என்ற அமெரிக்கச் சிறுவன் 1825இல் வணிக நிறுவனம் ஒன்றால் சீனம் கற்பதற்காக இங்கே அனுப்பப்பட்டான். 12, 13 வயதுதான். நம் படிவம் ஒன்று மாணவரின் வயது. பிற்காலத்தில் பழைய கன்டோன் வாழ்க்கையை விவரித்து அவர் எழுதிய நூல்களை வரலாற்று மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஹோ ஃபுக் தோங் என்ற மாணவர் பின்னர் ஹாங்காங்கில் போதகர் ஆனார். அவர் மகன் ஹோ கை, மருத்துவமும் சட்டமும் படித்துப் புகழ் பெற்றார். ஹாங்காங்கின் பழைய விமான நிலையமான கை தாக்கின் பெயரில் முதல் பாதி இவருடையது.

மர எழுத்து செதுக்கிய லியாங் ஃபாவை நினைவிருக்கிறதா? 1816இல் மலாக்காவில் மில்னிடம் திருமுழுக்குப் பெற்ற அவர், 1832இல் சீனத்தில் ஒரு சமய நூல் எழுதி வெளியிட்டார். அந்த நூல் கன்டோனில் அரசுத் தேர்வுகளில் தோற்றுப்போன ஹோங் சியூசுவான் என்ற இளைஞர் கைக்குப் போனது. பின்னர் அதைப் படித்து, தம்மைக் கடவுளின் மகன் என்று நம்பிய அவர் தொடங்கியதுதான் தைப்பிங் கலகம். கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட போராக அது முடிந்தது. லியாங் ஃபா கனவிலும் நினைக்காத விளைவு இது. ஒரு புத்தகம் யார் கையில் போய் என்ன ஆகும் என்பது எழுதியவர் கையில் இல்லை.

1840 ஜனவரியில் ஜேம்ஸ் லெக் என்ற இளைஞர் மனைவியோடு மலாக்கா வந்து கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். அபின் போருக்குப் பின் ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்குப் போனதும் 1843இல் கல்லூரியும் அங்கே மாற்றப்பட்டது. சீனர்களுக்குக் கற்பிக்க வந்த லெக், கன்ஃபூசியஸ் உள்ளிட்டோரின் செவ்விய நூல்களை வாழ்நாள் முழுவதும் கற்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1876இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் சீன மொழிப் பேராசிரியர் ஆனார். கிழக்குக்குக் கற்பிக்க வந்தவர், கிழக்கு கற்றுக்கொடுத்ததை மேற்குக்குக் கொண்டுபோனார். மலாக்காவில் பிறந்த அந்தக் கல்லூரி இன்றும் ஹாங்காங்கில் யிங் வா கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது.

நாம் எதைக் கொண்டு போகிறோம்?

மில்ன் இறந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, 1896இல், டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக ரப்பர் தோட்டங்களின் தொடக்கம் அது. அந்தத் தோட்டங்களும் அவற்றைப் பின்பற்றி வந்தவையும் தமிழ்க் குடும்பங்களை மலாக்காவின் உட்பகுதிகளுக்குக் கொண்டுவந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் அங்கேதான் முளைத்தன.

அந்தப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும்போது பெரும்பாலும் மூன்று மொழிகளைச் சுமக்கிறார்கள். வீட்டில் தமிழ், பாடத்தில் மலாய், அதோடு ஆங்கிலம். சிலருக்கு இது சுமையாகத் தோன்றுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுப்பதா விடுவதா என்று ஒவ்வோர் ஆண்டும் பேச்சு எழுகிறது. அப்துல்லாவின் வாழ்க்கை இதற்கு ஒரு பதில். அவருக்கு மொழிகள் சுமையாக இல்லை. அவைதாம் அவருடைய தொழில், அவருடைய மரியாதை. ராஃபிள்ஸ் முதல் மில்ன் வரை எல்லோரும் அவரைத் தேடி வந்தது, அவரிடம் அவர்களுக்கு இல்லாத ஒன்று இருந்ததால்தான்.

மலாக்காவிலேயே இன்னொரு சான்றும் இருக்கிறது. சுல்தான்கள் காலத்திலேயே இங்கே வந்து வேர்விட்ட மலாக்கா செட்டிகள் தங்கள் இந்து சமயத்தையும் விழாக்களையும் இன்றுவரை காத்து வருகிறார்கள். தங்க ஆசாரித் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடைய உறுதிக்குச் சான்று. ஆனால் தலைமுறைகள் ஓட ஓட வீட்டில் பேசும் மொழி மலாயாக மாறிவிட்டது. இது அவர்களுடைய குறை என்று சொல்வதற்கில்லை. சமயத்தைக் காத்தால் மொழியும் தானாக நிற்கும் என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். மொழியைத் தனியாகக் காக்க வேண்டும். பேசி, படித்து, எழுதித்தான் காக்க முடியும்.

இனி, வரும் விடுமுறையில் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்குச் சில யோசனைகள். மிஷன் முகாமானாலும், சமய வகுப்பானாலும், பல்கலைக்கழக மாணவர் பரிமாற்றமானாலும் இவை பொருந்தும்.

முதலாவது, போகும் ஊரின் மொழியில் குறைந்தது ஐம்பது சொற்களைப் போவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். போனதும் ஓர் உள்ளூர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். அது உங்கள் வயதுச் சிறுவனாகவோ கடைக்காரப் பாட்டியாகவோ இருக்கலாம். அவர் திருத்தினால் தாம்சனைப் போல வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் மொழி எது, உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பார்கள். விடை இல்லாதவர் அங்கே கொடுப்பதற்கு எதுவும் இல்லாமல் நிற்பார்.

மூன்றாவது, ஒப்புக்கொள்ள முடியாததைப் பணிவாக மறுக்கப் பழகுங்கள். கற்றுக்கொடுப்பவரை மதிப்பது வேறு, அவர் சொல்வதையெல்லாம் ஏற்பது வேறு. அப்துல்லா இரண்டையும் பிரித்து அறிந்திருந்தார்.

நான்காவது, எழுதுங்கள். தினம் ஒரு பக்கம் போதும். மில்னும் எழுதினார், அப்துல்லாவும் எழுதினார். அதனால்தான் இருநூறு ஆண்டுகள் கழித்தும் அவர்களைப் பற்றி நம்மால் பேச முடிகிறது. எங்கும் போகாமல் தோட்டத்திலேயே இருக்கிறவர்களுக்கு இன்னும் பெரிய வேலை உண்டு. தாத்தாவும் பாட்டியும் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, குடும்பம் எப்போது, எங்கிருந்து, எப்படி வந்தது என்று ஒரு நோட்டுப்புத்தகத்தில் பதிந்து வையுங்கள். அந்த ஏட்டைத் தமிழிலேயே எழுதுங்கள்.